வெண்டல் ஹாஸ்கின்ஸ் கேட்டுக்கொண்டிருந்த லைன்

மேடையில் வீற்றிருக்கும் ஹார்லன் ஃபோர்க் கல்லூரித் தலைவர் முனைவர் பெட்டிக்ரூ அம்மையார் அவர்களே! இந்த உள்விளையாட்டரங்கத்தின் ஒலிபெருக்கி இத்தனை இரைச்சல் போட்டும் நிதானம் இழக்காமல் பிரார்த்தனை நடத்திய போதகர் ஐவர்சன் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் லொரெய்ன் ஹாஸ்கின்ஸ் அம்மையார் அவர்களே! ஆட்டச் சட்டையோடு சுவரோரம் நிற்கும் எங்கள் வீரர்களே! சோளம் வயலில் முற்றிக் காய்ந்து நிற்கும் இந்த நாளிலும் அறுவடை இயந்திரங்களை அணைத்துவிட்டு வந்திருக்கும் ஊர் மக்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

என் பெயர் எமெட் கிராலிக். நம் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் தடுப்பாட்டப் பயிற்சியாளன். பெயரைக் கேட்டிருப்பீர்கள், முகத்தைப் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் சனிக்கிழமைகளில் மைதானத்தில் நிற்பவன் அல்ல. பார்வையாளர் வரிசைகளுக்கும் மேலே, உச்சியில் இருக்கும் கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கீழே இருப்பவர்களுக்கு, இப்படி நில், அப்படி ஓடு என்று சொல்லிக்கொண்டிருப்பவன். நாம் வென்றால் நீங்கள் எல்லோரும் மைதானத்துக்குள் ஓடுவீர்கள், கட்டிப்பிடிப்பீர்கள், படம் எடுப்பீர்கள். நான் லிஃப்டுக்காகக் காத்திருந்து கீழே வந்து சேர்வதற்குள் மைதானத்தில் காகிதக் குப்பைதான் கிடக்கும். அந்தப் படங்கள் ஒன்றில்கூட நான் இல்லை. அதனால் வருத்தமில்லை என்று சொன்னால் இந்த மேடையில் நின்று பொய் சொன்னதாகும்.

செவ்வாய்க்கிழமை பயிற்சி முடிந்ததும் நம் தலைமைப் பயிற்சியாளர் வெண்டல் ஹாஸ்கின்ஸ் காரில் ஏறினார், என்ஜினைப் போட்டார், அப்படியே உயிர் போய்விட்டது. நின்ற இடத்திலேயே என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நாளை மறுநாள் சனிக்கிழமை. ஆட்டம் உண்டு. அவர் மனைவி லொரெய்ன் அம்மையார்தான் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஹாஸ்கின்ஸ் இடத்தில் நீ இறங்கி நிற்பாயா என்று கல்லூரித் தலைவர் என்னைக் கேட்டிருக்கிறார். இன்னும் நான் பதில் சொல்லவில்லை. இந்த மேடையிலிருந்து இறங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன் என்று அம்மையாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கே தெரியாத ஒரு பதிலை உங்கள் முன்னால் நின்று தேடப்போகிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை நல்லவர் என்றார்கள், வல்லவர் என்றார்கள், பொறுமையின் இருப்பிடம் என்றார்கள். பொறுமையா! வெண்டல் ஹாஸ்கின்ஸுக்கா! அவரோடு வேலை பார்த்த நான் சொல்கிறேன். இந்த மாநிலத்திலேயே அவரைப் போலப் பிடிவாதக்காரர் கிடையாது. நல்ல குணங்களையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். எனக்கு மிச்சம் இருப்பது அந்தப் பிடிவாதம்தான். அதையே பேசுகிறேன்.

எங்கள் சண்டை என்ன என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எதிரணியின் பந்தெறிபவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் தேடுகிறான். அவன்மேல் நம் ஆட்களை மொத்தமாக ஏவிவிடுவதா? அல்லது பந்து எங்கே வருகிறதோ பார்த்துக்கொள்ளலாம் என்று அவர்களைப் பின்னால் நிறுத்திவைப்பதா? ஏவிவிட வேண்டும் என்பவன் நான். நிறுத்திவைக்க வேண்டும் என்பவர் அவர். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் தொடங்கிய சண்டை, போன சனிக்கிழமை வரை ஓயவில்லை.

எங்கள் ஹெட்போன்களில் இரண்டு லைன் உண்டு. ஒன்று என்னுடைய தடுப்பாட்ட லைன். மற்றொன்று தாக்குதலாட்டப் பயிற்சியாளர் டேரியஸ் விட்லோவின் லைன். டேரியஸ் அதோ, வீரர்களோடு நிற்கிறார். தலைமைப் பயிற்சியாளரின் இடுப்புப் பெட்டியில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை இந்தப் பக்கம் தள்ளினால் என் லைன், அந்தப் பக்கம் தள்ளினால் டேரியஸின் லைன். அவர் நம் லைனில் மைக்கைத் திறந்தால் காதில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த ‘டக்’கைக் கேட்டதும் என் முதுகு நிமிர்ந்துகொள்ளும். வந்துவிட்டார்! என் வேலையில் மூக்கை நுழைக்க வந்துவிட்டார்!

“எல்லாரையும் அனுப்பு!” என்று நான் மைக்கில் சொல்வேன். டக்.

“வேண்டாம் எமெட். நிறுத்து. எல்லாரும் பின்னால நிக்கட்டும்.”

“கோச், அவன் கையில பந்து ரொம்ப நேரம் நிக்குதே, கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

“எனக்குக் கண்ணு தெரியுது. நீதான் அவ்வளவு உயரத்துல உக்காந்துட்டு எறும்பு பாக்குற.”

“அப்ப நான் எதுக்குக் கோச் இங்க இருக்கேன்?”

“அதான்டா எனக்கும் புரியல. சரி, நிறுத்து.”

இது ஒருமுறை அல்ல, இருமுறை அல்ல, ஒவ்வொரு சனிக்கிழமையும்! அது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாப் பயிற்சியாளர்களும் உட்கார்ந்து ஆட்டத்தைப் பதிவு செய்த படத்தைப் பார்ப்போம். நான் தப்பு செய்த இடம் வந்ததும் படத்தை நிறுத்துவார். எல்லோர் முன்னாலும் “எமெட், இது என்ன?” என்பார். நான் காரணம் சொல்வேன். படத்தைப் பின்னால் ஓட்டி மறுபடியும் போடுவார். “இப்ப சொல்லு, இது என்ன?” டேரியஸ் தப்பு செய்த இடம் வந்தால் படம் நிற்காது. சும்மா ஓடிவிடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு டேரியஸைப் பார்ப்பேன். அவர் தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆனால் அதே ஹாஸ்கின்ஸைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு நவம்பரில் விடிந்து எழுந்தால் மைதானம் முழுக்கப் பனி. எல்லோரும் மண்வெட்டியோடு வந்தோம். தலைமைப் பயிற்சியாளர் எங்கே என்று தேடினால், எதிரணி வந்து உட்காரும் பெஞ்சில் பனியை வாரிக்கொண்டிருக்கிறார். நம் பெஞ்சு அப்படியே கிடக்கிறது!

“கோச், அவங்க பெஞ்சு ஈரமா இருந்தா நமக்கு நல்லதுதானே?” என்றேன்.

“நீ எப்பவாவது இந்தப் பெஞ்சுல உக்காந்து பாத்திருக்கியா? காத்து நேரா மூஞ்சில அடிக்கும். வா, உக்காந்து பாரு.”

உட்கார்ந்தேன். உண்மைதான். கண்ணில் நீர் வந்துவிட்டது. அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் எதிரியின் பெஞ்சில் உட்கார்ந்து வெள்ளை மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹெட்போன் இல்லாமல் அவர் பக்கத்தில் அவ்வளவு நேரம் நான் உட்கார்ந்தது அன்றுதான். பிறகு “போதும், எழுந்திரு, வேலையைப் பாரு” என்றார்.

அன்பர்களே! ஆல்டர் சிட்டியோடு நடந்த அந்த இறுதி ஆட்டத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறக்க முடியுமா? கோப்பை கிட்டத்தட்ட நம் கைக்கு வந்துவிட்டது. அவர்களுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி. அவர்கள் ஒருமுறை பந்தை எறிய வேண்டும், நாம் ஒருமுறை தடுக்க வேண்டும். நான் மைக்கில் சொன்னேன், “எல்லாரையும் அனுப்பு!”

டக்.

வந்துவிட்டார் என்று நினைத்தேன். வேண்டாம் என்ற சொல்லுக்காகக் காத்திருந்தேன். சொல்லவில்லை. மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. குளிரில் நிற்கும் வயதான ஒருவரின் மூச்சு. நான் மறுபடி சொன்னேன், “அனுப்பு!” அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. ஆட்கள் பாய்ந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மேலாகப் பந்து பறந்துபோனது. பின்னால் அதைப் பிடிக்கக் காத்திருந்தவனைத் தடுக்க நம் ஆள் ஒருவன்கூட இல்லை. கோப்பை ஆல்டர் சிட்டிக்குப் போனது.

லிஃப்டில் இறங்கி வந்தேன். என்ன செய்வது? பத்திரிகைக்காரர்கள் என்னைத் தேடி வருவார்கள், வரட்டும், அனுப்பியது நான்தான் என்று சொல்லிவிடலாம் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்தேன். கீழே ஒருவரும் என்னைத் தேடவில்லை. அவர்கள் ஏற்கெனவே பேட்டி எடுத்து முடித்திருந்தார்கள். “அந்த முடிவு என்னுடையது. எமெட்டைக் குறை சொல்லாதீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் வெண்டல் ஹாஸ்கின்ஸ்.

நீங்கள் எல்லோரும் அதற்காக அவரைப் புகழ்ந்தீர்கள். பழியைத் தன் தோளில் சுமந்த தலைவர் என்று செய்தித்தாள் எழுதியது. இன்று இந்த மேடையிலும் இருவர் அதைச் சொல்லி மெச்சினார்கள். எனக்கு அன்று வந்த கோபத்தை நான் இங்கே முழுதாகச் சொல்ல முடியாது, போதகர் இருக்கிறார். கதவைத் தட்டாமல் அவர் அறைக்குள் போனேன்.

“யார் சொன்னது அது உங்க முடிவுன்னு?”

“கேட்டாங்க. சொன்னேன்.”

“அனுப்புன்னு சொன்னது நான். என் வாய்.”

“நான் லைன்லதான் இருந்தேன். வேண்டாம்னு சொல்லலையே. அப்ப அது என்னோடதும்தான்.”

“ஜெயிச்சா உங்க படம் போடுறான். சரி, போட்டுக்கட்டும். தோத்ததாவது என்னோடதுன்னு விடக்கூடாதா? அதையும் நீங்களே எடுத்துக்கணுமா?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “இந்த ஊர்லயே தோத்துப்போன பேரு தனக்கு வேணும்னு சண்டை போடுற ஒரே ஆளு நீதான்டா.”

நான் சிரிக்கவில்லை. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன மிஞ்சும் சொல்லுங்கள்! பேர் கிடையாது, படம் கிடையாது, கைகுலுக்கல் கிடையாது. ‘இதை நான் சொன்னேன், நடந்தது’ அல்லது ‘இதை நான் சொன்னேன், கெட்டது’ என்ற ஒன்றுதான் அவனுடையது. அதையும் ஒருவர் அன்பினாலே எடுத்துக்கொண்டு போனால் அவன் கையில் என்ன இருக்கும்?

அதன் விலையையும் நான் கொடுத்தேன். அடுத்த வசந்தத்தில் வேறொரு கல்லூரி தலைமைப் பயிற்சியாளர் வேலைக்கு என்னை அழைத்தது. என் தலைக்குமேல் யாரும் இல்லாத வேலை! நல்ல மனிதர்கள், மரியாதையாகத்தான் கேட்டார்கள்: “ஹார்லன் ஃபோர்க்ல முக்கியமான நேரத்துல முடிவெடுக்கிறது ஹாஸ்கின்ஸ்தானே? அவரே பேப்பர்ல சொல்லியிருக்காரே?” இல்லை, நான்தான் என்றேன். யார் நம்புவார்கள்? தோற்ற முடிவைத் தன் தலையில் தானே போட்டுக்கொள்ளும் பைத்தியக்காரன் என்று நினைத்திருப்பார்கள். வேலை கிடைக்கவில்லை.

ஹாஸ்கின்ஸிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் பயிற்சிக்கு அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்றார்கள். சாயங்காலம் என் வீட்டு வாசலில் நிற்கிறார். கையில் ஒரு தட்டு, லொரெய்ன் அம்மையார் சுட்ட, பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டி, சினமன் ரோல். தெருவில் அவர் கார் என்ஜினை அணைக்காமல் நிற்கிறது.

“அங்க போயிருந்தேன்” என்றார்.

“எங்க?”

“அந்தக் காலேஜுக்கு. நான் பேப்பர்ல சொன்னது பொய்யின்னு சொன்னேன். அவங்க வேற ஆளைப் போட்டுட்டாங்க. லேட்டாயிடுச்சு.”

போக வர ஒரு பகல் முழுக்க ஓட்ட வேண்டிய தூரம் அது. அந்த வயதில், அந்தக் குளிர்காற்றில்!

“உள்ள வாங்க கோச்.”

“இல்ல, கார் ஓடிட்டிருக்கு.”

தட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என் மனைவி என்னைவிட்டுப் போய் அப்போது கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. வீட்டில் ஒரு நாற்காலியில்தான் ஆள் உட்காருவதுண்டு. அந்த ரோலை நான் மட்டும் தனியாக உட்கார்ந்து தின்றேன், மூன்று வேளைக்கு வந்தது. ஆட்டப் பருவம் தொடங்கிய முதல் சனிக்கிழமை நான் “அனுப்பு” என்றேன். டக். “வேண்டாம் எமெட்” என்றார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. அதைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை.

பெரியோர்களே! நான் சொல்ல வந்தது இதுவரை சொன்னதல்ல. புதன்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் வந்தேன்.

புதன்கிழமை காலையில், செய்வதறியாமல், நான் கண்ணாடி அறைக்கு ஏறிப்போனேன். டேரியஸ் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். எங்கள் இருவர் இடத்துக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு உண்டு. எதிரெதிர் வேலை, ஒருவர் சத்தம் மற்றவருக்குக் கேட்கக் கூடாது. இத்தனை ஆண்டுகள் ஒரே அறையில் உட்கார்ந்து, அவர் வாய் அசைவதை நான் பார்த்திருக்கிறேன், என் வாய் அசைவதை அவர் பார்த்திருக்கிறார். அன்று அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர்தான் செவ்வாய்க்கிழமை அந்தக் காரின் கதவைத் திறந்தவர். அவர் அனுமதி கொடுத்ததால்தான் இதைச் சொல்கிறேன்.

“உங்களுக்கென்ன கோச்” என்றார் டேரியஸ். “உங்ககூட பேசிட்டே இருந்தாரு.”

“பேசினாரா? கழுத்தறுத்தாரு. உன்னைத்தான் நிம்மதியா விட்டாரு. உன்னை நம்பினாருடா. என்னை நம்பல.”

“நானும் வெளியில அப்படித்தான் சொல்லிக்கிட்டேன், என்னை நம்புறாருன்னு. என் பொண்டாட்டிகிட்டகூட அப்படித்தான் சொன்னேன்.”

“பின்ன என்ன?”

“என் லைன்ல ‘டக்’ கேட்டதே கிடையாது கோச். நான் என்ன சொன்னாலும் சரிதான். ஒரு தடவை வேணும்னே பைத்தியக்காரத்தனமா ஒண்ணு சொன்னேன், திட்டுறாரா பாக்கலாம்னு. திட்டவே இல்ல. ஞாயித்துக்கெழமை படத்துலயும் நிறுத்தல.”

இத்தனை ஆண்டுகள் நான் எதற்காகப் பொறாமைப்பட்டேனோ, அதை நினைத்து அந்த மனிதர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்திருக்கிறார். நான் எதை வெறுத்தேனோ, அது தனக்கு ஒருமுறையாவது கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறார்!

டேரியஸ் அதோடு நிறுத்தவில்லை. “இன்னொண்ணு தெரியுமா உங்களுக்கு? அவரு இடுப்புப் பெட்டியில சின்னதா ஒரு விளக்கு இருக்கும். என் லைன்னா பச்சை. உங்க லைன்னா மஞ்சள். நான் பைனாகுலர்ல பாத்துட்டே இருப்பேன், எப்பவாவது பச்சையா மாறாதான்னு. நம்ம ஆளுங்க பந்தை வெச்சு ஆடுற நேரத்துலயும் மஞ்சள்தான் எரியும்.”

“அது எப்படி? நம்ம ஆட்டம் நடக்கும்போது என் லைன்ல யாருமே இருக்க மாட்டாங்களே. நான் ஹெட்போனைக் கழட்டி வெச்சிடுவேனே.”

“ஆமா. நீங்க கழட்டி வெச்சிட்டு பாப்கார்ன் தின்னுட்டிருப்பீங்க. அவரு உங்க லைன்லயேதான் நிப்பாரு.”

அவையோரே, நான் உங்களைக் கேட்கிறேன். யாருமே இல்லாத லைனில் ஒரு மனிதர் எதற்காக நிற்பார்? இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கானோர் கத்துகிறார்கள். சுற்றிலும் வீரர்கள், உதவியாளர்கள், கேமராக்கள். நடுவில் அவர் ஒருவர், யாருமே பேசாத ஒரு லைனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறார்! ஏதாவது பேசினாரா? திட்டினாரா? தன் பயத்தைச் சொன்னாரா? மேஜையில் கிடந்த அந்த ஹெட்போனுக்குள் அவர் குரல் கேட்டிருந்தாலும், அதைக் கேட்க வேண்டிய காது பாப்கார்ன் பையின் சரசரப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. உச்சியில் உட்கார்ந்திருந்த நான்தான் தனியாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே அத்தனை பேர் நடுவில் நின்றவரைப் பற்றி ஒரு நாளும் நான் அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று மாலை லொரெய்ன் அம்மையார் தம் சமையலறையில் எனக்குச் சில்லி, அதாவது பீன்ஸும் இறைச்சியும் போட்ட குழம்பு, ஊற்றிக் கொடுத்தார். கோச் என்னோடு அந்த லைனில் என்ன பேசியிருப்பார் என்று கேட்டேன்.

“என்ன பேசியிருப்பாரு? வீட்டுல மட்டும் பேசினாரா என்ன?” என்றார் அம்மையார். பிறகு, “போன வாரம்கூட வாய் நிறைய ரொட்டியை வெச்சுக்கிட்டு உன்னைத்தான் திட்டினாரு எமெட். ‘அந்தக் கிராலிக் ஒரு நாள் என்னைக் கொல்லத்தான் போறான்’னாரு.”

சொல்லிவிட்டு அவர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். பிறகு என்ன ஆனதோ, இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில் அப்படிச் சிரிக்கலாமா? சிரித்தோம். “மூணு பிள்ளை பெத்தோம், எல்லாம் ஊர் ஊராப் போயிடுச்சு. அவருக்குச் சண்டை போட வேற ஆளு யாரு இருந்தா?” என்றார் அம்மையார். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போது கல்லூரித் தலைவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

அம்மையார் அவர்களே! நான் ஏன் இரண்டு நாளாகப் பதில் சொல்லவில்லை தெரியுமா? தலைமைப் பயிற்சியாளர் வேலை வேண்டாம் என்பதால் அல்ல. வாழ்நாள் முழுக்க அந்த வேலைக்காகத்தான் ஏங்கினேன், இந்த ஊருக்கே அது தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது, அதுதான் காரணம். நான் துணிச்சல்காரன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். “எல்லாரையும் அனுப்பு” என்று நான் கத்தியதெல்லாம், “வேண்டாம் எமெட்” என்று சொல்ல ஒருவர் கீழே இருந்ததால்தான். அவர் பிடித்துக்கொள்வார் என்ற தைரியத்தில்தான் நான் தாவினேன்! என் துணிச்சலில் பாதி அவருடையது. சனிக்கிழமை நான் அந்த மைதானக் கோட்டோரத்தில் நின்றால் எனக்கு வேண்டாம் என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? “அனுப்பு” என்று சொல்ல என் நாக்கு எழுமா? எனக்குத் தெரியாது.

தெரியாமலே இறங்குகிறேன். ஆம் அம்மையார் அவர்களே, நிற்கிறேன். சனிக்கிழமை வெண்டல் ஹாஸ்கின்ஸ் நின்ற இடத்தில் எமெட் கிராலிக் நிற்பான்.

கைதட்ட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

வீரர்களே! உங்கள் பயிற்சியாளர் விட்டுப்போன வேலையை நாம் விடமாட்டோம். பனி பெய்தால் எதிரியின் பெஞ்சை முதலில் சுத்தம் செய்வோம். தோற்றால் தோற்றோம் என்று சொல்வோம். யார் முடிவு யாருடையது என்பதை மட்டும் மாற்றிச் சொல்லமாட்டேன். அதில் நான் அவரைப் பின்பற்றப்போவதில்லை. அவரவர் வெற்றியும் அவரவர் தோல்வியும் அவரவரிடமே இருக்கும். மேலே என் நாற்காலியில் இனி உட்காரப்போகிறவர் யாரானாலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளட்டும். என்னோடு சண்டை போடுங்கள். நான் சொல்வதற்கெல்லாம் சரி சரி என்று தலையாட்டும் ஆள் எனக்கு வேண்டாம். அப்படி ஒருவர் மேலே உட்கார்ந்தால் நான் கீழே செத்துப்போவேன். ஆட்டம் முடிந்ததும் லிஃப்ட் வந்து சேரும்வரை ஒருவரும் படம் எடுக்கக் கூடாது. இது என் முதல் கட்டளை.

டேரியஸ்! சனிக்கிழமை உன் காதில் ‘டக்’ என்று கேட்கும். தயாராக இரு. முதல் ஆட்டத்திலேயே திட்டுவேன். நீ சரியாகச் சொன்னாலும் திட்டுவேன். ஞாயிற்றுக்கிழமை படத்தை நிறுத்தி எல்லோர் முன்னாலும் ‘டேரியஸ், இது என்ன?’ என்று கேட்பேன். நீ வீட்டுக்குப் போய் உன் மனைவியிடம், இந்தக் கிழவன் என் உயிரை வாங்குகிறான் என்று சொல்லு.

ஒரே ஒருமுறை மட்டும் பொறுத்துக்கொள். நம் ஆட்கள் பந்தை வைத்து ஆடிக்கொண்டிருக்கும்போது, மேலே என் நாற்காலியில் இருப்பவர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுப் பாப்கார்ன் பையைப் பிரிக்கும் நேரத்தில், என் இடுப்பில் மஞ்சள் விளக்கு எரியும். பைனாகுலரில் நீ பார்ப்பாய். பயப்படாதே, கோபித்துக்கொள்ளாதே. அந்த லைனில் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். “எல்லாரையும் அனுப்பட்டுமா கோச்?” என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பேன். பிறகு உன் லைனுக்கு வந்துவிடுவேன்.